வாடும் செடிக்கு நம்மீது உரிமை உண்டா?

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், மழைக்காலத்தில் தானாகவே தழைத்து நின்ற வீட்டுக் கொல்லை நம்முடைய கையை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. காலையில் நிமிர்ந்து நின்ற கீரை நண்பகலில் தலை சாய்க்கிறது. தக்காளிப் பூக்கள் காம்போடு உதிர்கின்றன. மே 4 ஆம் தேதி வாக்கில் வரவேண்டிய கத்திரி வெயில் வருவதற்கு முன்பே பாத்தி மண் வெடித்துவிடுகிறது. கிணற்றில் கயிறு நீளுகிறது. மோட்டார் வைத்த வீடுகளில் தொட்டி நிரம்ப முன்னைவிட அதிக நேரம் ஆகிறது.

இந்தச் சமயத்தில் வீடுதோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு. "குடிக்கவே தண்ணீர் போதவில்லை, கத்தரிச் செடிக்கு இப்போது என்ன வந்தது?" என்பார் ஒருவர். "ஆசையாக நட்டு வளர்த்ததைச் சாகவிடுவதா? அதுவும் ஓர் உயிர்தானே?" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும்போது நம் விருப்பம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவது எளிது. ஆனால் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள் நாம். நாம் நட்ட செடிக்கு நம்மீது உரிமை உண்டா? உண்டென்றால் எவ்வளவு?

சட்டம் சொல்லும் அளவு

நம்மில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் இதற்கு விடை இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் அதன் விரிவுரைகளிலும், மனைவி மக்களுக்கும் உறவினருக்கும் செய்யவேண்டிய செலவுகளைப் பற்றிய பாடத்தின் இறுதியில், கால்நடைகளைப் பற்றியும் உயிரில்லாத உடைமைகளைப் பற்றியும் பேசப்படுகிறது. கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவர்மீது வாஜிபு. கொடுக்க மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்தவும் இடமுண்டு. பயிருக்கும் மரத்திற்கும் தண்ணீர் பாய்ச்சுவது அந்த அளவுக்குக் கடமையாக்கப்படவில்லை. ஆனால் இயன்றபோதும் பாய்ச்சாமல் விட்டுவிடுவது மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது. ஏனெனில் அது அல்லாஹ் தந்த பொருளைப் பாழாக்குவதாகும்.

இந்தச் சிறிய விளக்கத்தில் எத்தனை நுட்பம் இருக்கிறது, பாருங்கள்! கடமை என்று சொல்லி நம்மைத் திணறடிக்கவும் இல்லை. விருப்பம்போல் செய்துகொள் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. 'இயன்றபோது' என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. எனவே நம் கேள்வி இப்போது வேறாகிவிடுகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா என்பதைவிட, நமக்கு இயன்றது எது, இயலாதது எது என்பதே கேள்வி.

அறியாமல் காட்டும் பரிவு

இயன்றது எது என்று அறிய, முதலில் செடிக்குத் தேவையானது எது என்று தெரியவேண்டும். நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டதும் மனம் பொறுக்காமல் குடம் குடமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. கத்தரி, பூசணி, புடலை போன்ற அகன்ற இலைச் செடிகள் உச்சிவெயிலில் சற்றுத் தொங்குவது இயல்பு. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வழியே நீர் வெளியேறும் வேகம் அப்போது அதிகம். அஸருக்குப் பிறகு வெயில் தணிந்ததும் அவை தாமாகவே நிமிர்ந்துவிடும். சுபுஹுக்குப் பின்னும் வாடியே நிற்கும் செடிதான் உண்மையில் தாகத்தோடு நிற்கிறது. ஐயமிருந்தால் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்தால் போதும். உள்ளே ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டியதில்லை.

உச்சிவெயிலில் மேலாகத் தெளிக்கும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. நாள்தோறும் மேலாக நனைத்துவந்தால் வேரும் மேலேயே தங்கிவிடுகிறது; அப்புறம் ஒரு நாள் தவறினாலும் செடி தாங்காது. அதிகாலையிலோ மாலையிலோ வேரடியில் நிதானமாக ஊற்றி, ஊறவிட்டு, ஓரிரு நாள் இடைவெளி விடுவதே முறை. உதிர்ந்த சருகையும் தேங்காய் மட்டையையும் தென்னோலைத் துண்டுகளையும் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பிவிட்டால் மண்ணின் ஈரம் சீக்கிரம் போகாது. தண்டை ஒட்டாமல் சற்று இடம் விடவேண்டும். மேல்பூச்சு இல்லாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை பாத்தியில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவைப்பது பழைய வழக்கம். சுற்றிலுமுள்ள மண் காயக் காயப் பானையின் நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். கேட்பவனுக்குக் கேட்ட அளவில் கொடுக்கும் ஒரு கொடையாளியைப்போல அது இருக்கிறது.

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். தரையைவிடத் தொட்டி மண் விரைவில் சூடேறும். தொட்டிகளை நெருக்கி வைத்து, மேற்கு வெயில் படாமல் நிழல்வலை கட்டினால் பாதிப் பாடு குறையும்.

இதையெல்லாம் ஏன் ஒரு மார்க்க இதழில் எழுதவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். விளைந்ததை உண்ணும்படியும், அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடும்படியும் கூறும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141 ஆம் வசனம், அதே மூச்சில் வீண்விரயம் செய்யக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. தோட்டத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே இஸ்ராஃபைப் பற்றியும் பேசப்பட்டிருக்கிறது. அறியாமல் காட்டும் பரிவு பல நேரங்களில் விரயமாகவே முடிகிறது. செடியும் பிழைக்காது, தண்ணீரும் மிஞ்சாது.

முதலில் யாருக்கு?

அடுத்தது வரிசை. தண்ணீர் குறையும்போது முதலில் யாருக்கு? இதற்கும் ஃபிக்ஹில் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. கையிலிருக்கும் நீர் மனிதனின் தாகத்திற்கோ, காக்கப்படவேண்டிய ஒரு பிராணியின் தாகத்திற்கோ தேவைப்பட்டால், உளூவை விட்டுத் தயம்மும் செய்துகொள்ள அனுமதி இருக்கிறது. தொழுகைக்குரிய நீரே வாயில்லாப் பிராணியின் தாகத்திற்காக வழிவிடுகிறதென்றால், கொல்லைச் செடிக்குரிய நீர் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா? முதலில் மனிதர், அப்புறம் ஆடு மாடு கோழி, அதற்கப்புறமே செடி.

இங்கே மனிதர் என்றால் நம் வீட்டு மனிதர் மட்டும்தானா? நாம்தான் நன்றாகச் சிந்திக்கவேண்டும். மதீனாவின் ஹர்ராப் பகுதியில் ஹழ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேட்டில் இருந்தது. வாய்க்கால் அதைத் தாண்டியே ஓர் அன்ஸாரித் தோழரின் நிலத்துக்குப் போகவேண்டும். வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. ஸுபைர் தம் தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை நிலத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்ற விதமாகவே நாயகம் (ஸல்) அவர்களின் முதல் தீர்ப்பு அமைந்தது. அந்தத் தீர்ப்பை மற்றவர் மனம் ஏற்காமல் பேசிய பின்னரே, ஸுபைர் அவர்களின் முழு உரிமை எவ்வளவு என்று அறிவிக்கப்பட்டது. புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. மேட்டில் இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் அது எல்லையுள்ள உரிமை.

இன்று வாய்க்கால் இல்லாத தெருக்களிலும் மேடும் பள்ளமும் உண்டு. ஆழமாகத் துளையிட்டு மோட்டார் இறக்கியவர் மேட்டில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு அடுத்தாற்போல் முப்பதடிக் கிணற்றை நம்பியிருப்பவர் பள்ளத்தில் இருக்கிறார். நிலத்தடி நீருக்கு மதில் சுவர் கிடையாது. இங்கே மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினால் அங்கே கிணற்றில் வாளி தரையைத் தட்டலாம். கடற்கரை ஊர்களிலோ, அளவுக்கு மீறி இறைக்கும்போது உப்புநீர் உள்ளே வந்துவிடும்; அது வந்தால் எல்லார் கிணறும் கெடும். 2019 ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறந்துவிடவில்லை. அப்படிப்பட்ட நாளில் பசுமையாக நிற்கும் ஒரு கொல்லை, அண்டை வீட்டார் தாகத்தின்மீது நிற்குமானால், அதன் காய் நம் தொண்டையில் இறங்குமா? ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கிய ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் வழியில் வந்தவர்கள் அல்லவா நாம்?

வீட்டுக்குள் இருக்கும் நீரூற்று

அப்படியானால் செடிகளைக் கைவிட்டுவிடத்தான் வேண்டுமா? இல்லை. 'தண்ணீர் இல்லை' என்று சொல்வதற்கு முன் வீட்டுக்குள் வீணாகும் தண்ணீரைக் கணக்கெடுக்கவேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அது சுமார் முக்கால் லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அறிஞர்களிடையே சிறு வேறுபாடு உண்டு. நாமோ குழாயைத் திறந்துவிட்டு, பேசிக்கொண்டே உளூச் செய்கிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் ஓர் உளூவுக்கு இரண்டு லிட்டர் மட்டுமே செலவிடுவதாக வைத்துக்கொண்டாலும், ஐவேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 லிட்டர் ஆகிறது. ஒரு சிறிய கொல்லையின் பெரும்பாலான தேவைக்கு அது போதும்.

உளூச் செய்த நீரைக்கொண்டு மீண்டும் உளூச் செய்யமுடியாது என்றாலும், அது சுத்தமான நீரே. அதைச் செடிக்குப் பாய்ச்சுவதில் தடை ஏதும் இல்லை. அரிசி கழுவிய நீரும், காய்கறி கழுவிய நீரும் அப்படியே. உப்புப் போட்டு வேகவைத்த நீரும், சோப்பு நுரை மிகுந்த நீரும் கீரைப் பாத்திக்கு ஆகாது. அடியில் ஒரு சட்டியோ வாளியோ வைத்து உளூ நீரைச் சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது கண்ணுக்கு முன்னே தெரியும். செடிக்குத் தண்ணீர் கிடைப்பது ஒரு பயன். நம் கை அளவு அறிந்து குறைவது அதைவிடப் பெரிய பயன்.

சுமப்பவர் யார்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நற்செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அதைக் கேட்டு ஆர்வத்தோடு கன்று வாங்கி வருகிறவர் பெரும்பாலும் வீட்டு ஆண். அதற்குத் தண்ணீர் சுமப்பவர் யார்? சமையலும் பிள்ளைகளும் போதாதென்று வீட்டுப் பெண்களும், சில வீடுகளில் வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணும்தான். நிய்யத்து ஒருவருடையது, இடுப்பு வலி மற்றவருடையது என்றால் அது என்ன நீதி? பணியாளர்மீது சக்திக்கு மீறிச் சுமத்தக்கூடாது, சுமத்தினால் கூடவே உதவவேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் அவர்கள் ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். 'இயன்றபோது' என்ற சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டு. தண்ணீர் இருந்தும் சுமப்பவருக்கு இயலாவிட்டால் அது இயலாததுதான். வாளியை நாமும் தூக்கவேண்டும்; முடியாவிட்டால் பாத்தியைக் குறைக்கவேண்டும்.

குறைத்துக்கொள்வதும் அமானிதமே

ஆகவே கோடையில் தோட்டக்காரர் செய்யவேண்டிய முதல் வேலை தேர்ந்தெடுப்பது. வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் வெயிலை ஓரளவு தாங்கும். வேர் பிடித்த முருங்கைக்கு அதிகத் தண்ணீர் தேவையில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கும்போது, எவ்வளவு ஊற்றினாலும் தக்காளிப் பூ பெரும்பாலும் நிற்காது. காய்த்து ஓய்ந்த செடிகளை எடுத்துவிட்டு, அவற்றையே மூடாக்காகப் போட்டு, மிஞ்சும் சிலவற்றைச் சரியாகக் காப்பாற்றலாம். இருபது செடியை அரைத் தாகத்தில் வைத்திருப்பதைவிட ஆறு செடியைத் தழைக்கவைப்பது மேல்.

நடும்போதே இந்தக் கணக்கு வேண்டும். விதை மலிவு; விதைப்பதும் எளிது. ஆனால் விதைத்த கணமே நாம் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம். நம் நீருக்கும் நம் கைக்கும் எட்டிய அளவே ஏற்றுக்கொள்வது நேர்மை. வேண்டுமென்றே எண்ணிப் பார்த்து ஒரு பாத்தியைக் கைவிடுவது வேறு. மறந்துபோய்க் காயவிடுவது வேறு. முன்னதில் பொறுப்பு இருக்கிறது. பின்னதில் அது இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் சில செடிகள் கருகத்தான் செய்யும். மீதியை அணில் கடிக்கும்; கிளி கொத்தும். விளைவிப்பவர் யார் என்று அல்வாகிஆ அத்தியாயத்தில் அல்லாஹ் கேட்கும் கேள்விக்கு, கோடைக் கொல்லையில் நிற்பவனைப்போல் தெளிவாக விடை சொல்லக்கூடியவர் வேறு யார்? தண்ணீர் ஊற்றுவது நம் கையில் இருக்கிறது. தளிர்க்கவைப்பது அவன் கையில் இருக்கிறது. அணில் தின்றது நஷ்டக் கணக்கில் சேராது. ஸதகாக் கணக்கில் சேரும்.

2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டுகள் ரமலான் பங்குனி, சித்திரை வெயிலில் வந்தது. தாகம் என்றால் என்ன என்பதை நம் நாவே அப்போது நமக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடம் நோன்போடு முடிந்துவிடக்கூடாது. அண்டை வீட்டாரின் குடத்திலும், வேலைக்காரப் பெண்ணின் தோளிலும், தொழுவத்து ஆட்டின் தொட்டியிலும், கடைசியாகக் கொல்லையில் வாடி நிற்கும் வெண்டைச் செடியின் வேரடியிலும் அந்தத் தாகத்தை நாம் அடையாளம் கண்டுகொள்ளவேண்டும்.

ஒவ்வொருவருக்கும் உரியதை உரிய அளவில் கொடுக்கும் நல்லுணர்வையும், அளவோடு வாழும் நற்பேற்றையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.