முதலில் போவது எது?

வீடு மாறுவது என்று முடிவானதும் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் லாரிக்குச் சொல்வதற்கு முன்பே பால் காய்ச்சும் நாள் குறிக்கப்படுகிறது. ஆடியும் மார்கழியும் தவிர்க்கப்படும். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்கப்படும். கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் எல்லாம் அதன்பிறகு சௌகரியம்போல் போகலாம். அவற்றுக்கு முன்னால் புது வாசலைத் தாண்ட வேண்டியவை சாமி படம், விளக்கு, ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு. குடும்பத்தோடு தெய்வமும் இடம் பெயருமா, பெயரும் என்றால் எதன் வழியாக என்ற பழைய கேள்விக்கு இந்த வரிசையில் ஒரு விடை அடங்கியிருக்கிறது.

வைதிக மரபில் இந்தக் கேள்வி நெருப்பைப் பற்றி எழுந்தது. திருமணத்தில் வளர்த்த தீயைத் தம்பதி வாழ்நாள் முழுதும் காத்து, காலையும் மாலையும் ஔபாசனம் செய்ய வேண்டும் என்பது விதி. குடிபெயரும்போது எரியும் தீயை என்ன செய்வது? அதை அரணிக் கட்டையில் ஏற்றிக்கொள்ளலாம், தன்னுள்ளேயேகூட ஏற்றிக்கொள்ளலாம் என்கின்றன சாத்திரங்கள். சமாரோபணம் என்று அதற்குப் பெயர். போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டையைக் கடைந்தால் எழுவது புதுத் தீயாகக் கருதப்படுவதில்லை, திருமண நாளின் தீயாகவே கருதப்படுகிறது. தழல் அணைந்தாலும் தீ அறுபடவில்லை என்ற இந்த எண்ணம் ஆழமானது. அதை ஏற்றுக்கொண்டவர்களுக்குச் சுவரும் கூரையும் இரண்டாம்பட்சம்.

கோயில்களுக்கும் வீடு மாறும் வேளை வருகிறது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றுவது கலாகர்ஷணம். வேலை முடியும்வரை வழிபாடு நடக்கும் தற்காலிகச் சந்நிதி பாலாலயம். சில சமயம் இடப்பெயர்ச்சி இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது திருவரங்கத்து உற்சவர் ஊர் ஊராக மறைத்துக் கொண்டுசெல்லப்பட்டு, திருமலையிலும் தங்கி, 1371இல் திரும்பினார். அதற்குள் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தது. எது பழைய மூர்த்தி என்ற ஐயம் எழ, முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் திருமஞ்சன ஆடையின் ஈரவாடையைக் கொண்டு 'நம்பெருமாள்' என்று அடையாளம் காட்டினார் என்பது கோயில் மரபு. இடைக்காலத் திருமேனியையும் யாரும் ஒதுக்கிவிடவில்லை. அழைத்தால் வரும் தெய்வம், அழைத்த இரண்டு இடத்திலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

குலதெய்வத்திடம் இந்தத் தர்க்கம் அவ்வளவு எளிதாகச் செல்வதில்லை. ஐயனாரும் சுடலைமாடனும் பேச்சியம்மனும் ஒரு கண்மாய்க் கரைக்கோ ஊர் எல்லைக்கோ ஒரு மரத்தடிக்கோ உரியவர்கள். சென்னையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம்கூடப் பிள்ளைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் தென்மாவட்டக் கிராமத்துக்குப் போகிறது. தெய்வத்தையே அழைத்து வர வேண்டுமென்றால் அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து புதுப் பீடத்தின் அடியில் இட வேண்டும். அதற்கும் உத்தரவு வேண்டும்: குறி கேட்பார்கள், பூக்கட்டிப் பார்ப்பார்கள். உத்தரவு கிடைத்தாலும் மூலக்கோயிலின் பெருமை குறையாது. இறைவன் எங்கும் இருக்கிறான் என்றால் ஒரு பிடி மண் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் எங்கும் இருப்பவன் என்பது ஒரு கொள்கை. இன்ன மரத்தடியில் பாட்டன் கும்பிட்ட சாமி என்பது ஓர் உறவு. உறவைத் தொடர ஒரு கைப்பிடி அளவு சாட்சி தேவைப்படுகிறது. பிடிமண் மரபு இழப்பை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. அதன் வலிமை அதில்தான்.

கிரகப்பிரவேசத்தைச் சாத்திரம் மூன்றாகப் பிரிக்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டில் புகுவது அபூர்வம், நெடும்பயணம் முடிந்து திரும்பிப் புகுவது சபூர்வம், தீயிலோ வெள்ளத்திலோ சிதைந்து சீரமைத்த வீட்டில் புகுவது துவந்துவம். பிறர் கட்டி, பிறர் வாழ்ந்துவிட்டுப் போன வாடகை வீடு இம்மூன்றிலும் சரியாகப் பொருந்துவதில்லை. அங்கே ஹோமம் பெரும்பாலும் இல்லை. விளக்கேற்றிப் பால் பொங்க வைப்பதோடு சரி. அந்தச் சிறு செயலுக்குள் தீயும் உணவும் பெருக்கமும் வந்துவிடுகின்றன. பொங்கி வழிந்த பாலை எல்லாரும் பகிர்ந்து குடித்ததும் அந்த அடுப்பு அந்தக் குடும்பத்தின் அடுப்பாகிவிடுகிறது.

தமிழில் வீடு என்ற சொல்லே இந்தச் சிந்தனைக்கு இடம் தருகிறது. கெடு கேடு ஆவதுபோல், விடு வீடு ஆயிற்று. பழந்தமிழில் குடியிருக்கும் இடத்துக்கு இல், மனை என்ற சொற்கள் இருந்தன. வீடு என்றால் விடுதல், விடுபடுதல். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் அது முக்தியைக் குறிக்கிறது. திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் உடம்பை உயிர் ஒதுங்கியிருக்கும் துச்சிலாகவும், நிலையான உறைவிடத்தைப் புக்கிலாகவும் வேறுபடுத்துகிறது. குடியிருப்பின் மொழியிலேயே வள்ளுவர் உயிரின் கதையைச் சொல்கிறார்.

விட்டுவரும் வீட்டின் நிலை என்ன என்பது மட்டும் மிஞ்சுகிறது. கலாகர்ஷணம் முடிந்த கருவறையில் வழிபாடு நின்றுவிடுகிறது. அங்கே எல்லாம் தெளிவு. இல்லத்துக்கு அப்படியொரு சடங்கு வழக்கத்தில் இல்லை. படங்கள் கழற்றப்பட்டு, விளக்கு போய், கடைசி மூட்டையும் ஏறிய பிறகு, எண்ணெய்க் கறை படிந்த பூஜை மாடத்தைப் பெரியவர்கள் ஒருமுறை கும்பிட்டுவிட்டே கதவைப் பூட்டுகிறார்கள்.