சான்று கூறுவோனுக்கு யார் காவல்?

சான்று, சான்றோர், சான்றாண்மை ஆகிய மூன்றும் தமிழில் உறவுடைய சொற்கள். கண்டதைக் கண்டவாறு கூறுதலைச் சான்றாண்மையோடு ஒரு குடும்பத்தில் வைத்து எண்ணிய மொழி நம் மொழி. ஆயினும், வழக்குமன்றப் படியேறிச் சாட்சி கூறிய எளியவன் ஒருவனை நம் தெருவில் நாம் அவ்வாறு போற்றுகிறோமா? "பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் வம்பு?" என்பதன்றோ ஓசூர்ச் சாலையின் இருமருங்கும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் பெரியோர் இளையோர்க்குக் கூறும் அறிவுரை! ஹெப்பகோடியில் வாழும் நாமும் அதனைக் கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். அது அறமா, அச்சமா என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஊருக்கு அண்மையில், இதே ஓசூர்ச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் வழியில் உள்ளது பரப்பன அக்ரகாரம். சென்னையில் நடைபெற்று வந்த சொத்துக் குவிப்பு வழக்கை 2003 நவம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் கருநாடகத்திற்கு மாற்றியது. வழக்கிற்கு உள்ளான செல்வி ஜெயலலிதா அப்போது தமிழகத்தின் முதலமைச்சர். முன்னரே சாட்சியம் அளித்திருந்த 76 பேர் மறுபடியும் அழைக்கப்பட்டனர். அவர்களுள் 64 பேர் தம் முந்தைய கூற்றினின்று மாறினர். ஏன் மாறினர் என்று அறிய அரசுத் தரப்பு வழக்கறிஞர் முயலவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக் காட்டிற்று. 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரகாரத்தில்தான் அவ்வழக்கின் தீர்ப்பு வழங்கப்பெற்றது. வழக்கின் அரசியல் நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. நம் உள்ளத்தைத் தைப்பது அந்த 64 என்னும் எண்ணே. ஒருவர் மாறினால் அவர் மனத்தை ஐயுறலாம். அறுபத்து நால்வர் மாறினால் அவர்கள் நின்ற நிலத்தையன்றோ ஐயுற வேண்டும்?

அந்த நிலத்தை உறுதிப்படுத்தும் முயற்சி பிற்பாடு வந்தது. 2018 டிசம்பர் 5 அன்று, மகேந்தர் சாவ்லா வழக்கில், சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்சநீதிமன்றம் ஏற்று, தனிச் சட்டம் இயற்றப்பெறும் வரை அதுவே நாட்டின் சட்டமாகும் என அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது.

2018-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஒரு நிலைக்குழு உண்டு. மாவட்ட அமர்வு நீதிபதி அதன் தலைவர். மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர். மாவட்ட அரசு வழக்கறிஞர்களின் தலைவர் உறுப்பினர்-செயலர். அச்சமுற்ற சாட்சியின் விண்ணப்பம் அச்செயலர் வழியாகவே குழுவை அடைகிறது. காவல்துறை அச்சத்தின் அளவை ஆய்ந்து அறிக்கை தரும். காவலர் துணை, திரைமறைவில் சாட்சியம், ஊர் மாற்றம், இன்றியமையாதவிடத்துப் பெயர் மாற்றம் எனப் பாதுகாப்பு பலவகைப்படும். ஆணை ஒன்றின் காலம் மூன்று மாதங்களைக் கடத்தல் இல்லை. தேவையெனில் மீண்டும் ஆராயப்பெறும்.

இங்கேதான் அறச்சிக்கல் எழுகிறது. வழக்கில் வெல்ல வேண்டிய அணியின் தலைவரே சாட்சியைக் காக்கும் குழுவின் செயலருமாகிறார். வழக்கின் கண்ணுக்குச் சாட்சி ஒரு கருவி. அறத்தின் கண்ணுக்கு அவன் ஒரு மனிதன். கரும்பைப் பிழிந்தபின் சக்கையை எறிவதுபோல், சாட்சியம் பதிவானபின் அவனை மறந்துவிடும் ஆபத்து அப்பதவியில் என்றும் உண்டு.

அதனினும் நுண்ணிய ஆபத்து மற்றொன்றும் உண்டு. "அஞ்சற்க, அரசு உம்மைக் காக்கும்" என்று சொல்வது எளிது. பாதுகாப்பு சிறுசிறு தவணையாக வருவது, ஊரை விட்டு நீங்க நேரலாம், உறவினர் முகம் காணாதிருக்க நேரலாம் என்பவற்றைச் சாட்சியம் பெறுமுன் சொல்லிவிடுவது அரிது. சொன்னால் அவன் பின்வாங்கக் கூடும். சொல்லாமல் மறைத்தாலோ, உண்மையைப் பெறுவதற்காக உண்மையை ஒளித்த குற்றம் அரசைச் சாரும். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். சொல்பவனுக்கே தீங்கு விளையுமாயின், அத்தீங்கை ஏற்க வேண்டியவர் யார்? அச்சொல்லால் பயன் கொள்ளும் சமுதாயமே என்பது நம் துணிபு. ஆகவே பாதுகாப்பு என்பது சலுகையன்று, கடன். கடனைத் திருப்பித் தருவோன், கொடுத்தவனால் இனிப் பயன் உண்டா என்று கணக்குப் பார்ப்பதில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் நீதி உண்டன்றோ என்று சிலர் வினவலாம். உண்டு. தன்மேல் பழி கூறுவோனைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை எந்தத் திரையும் பறித்தல் ஆகாது. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை வேறு. வாயடைக்கும் வல்லமை வேறு. முன்னதைக் காப்பதற்காகப் பின்னதைப் பொறுக்க வேண்டுவதில்லை.

ஊர் விட்டு வாழ்தலின் விலையை நாம் அறிவோம். ஆயினும் பொங்கலுக்கு அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சொந்த ஊர் சென்று, பெயர் சொல்லி அழைப்போரைக் கண்டு மீள்கிறோம். பெயரும் ஊரும் மாற்றப்பட்ட சாட்சிக்கு அந்தப் பேறும் இல்லை. கண்டதைச் சொன்னதற்காக அவன் செலுத்தும் விலை அது.

எனவே, "நமக்கேன் வம்பு?" என்பதை முற்றிலும் கோழைத்தனம் என்று இகழ நாம் துணியோம், பிள்ளைகுட்டிக்காரனின் அச்சம் பொய்யன்று. ஆனால் அவ்வச்சம் வளர்வது தனிமையில். சாட்சி கூறிய அண்டை வீட்டாரோடு பேச்சை நிறுத்தாதிருத்தல், அவர் பிள்ளையை நம் பிள்ளையோடு பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், அவர் வீட்டுக் கதவை அயலார் தட்டுங்கால் நம் வீட்டு விளக்கையும் ஏற்றுதல் ஆகியவற்றிற்கு எந்த நிலைக்குழுவின் ஆணையும் வேண்டுவதில்லை. அரசு தரும் காவல் மூன்று மாதத்தில் மறுஆய்வுக்கு வரும். தெரு தரும் காவலுக்குத் தவணை இல்லை. பிழைக்க வந்த ஊர் நம் ஊராவது, அங்கே ஒருவர்க்கொருவர் காவலாய் நிற்கும் நாளில்தான்.