பாகம் பிரிப்பவர் யார்?

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு நாம் செய்யும் ஆயத்தம் சிறிதன்று. பல நாள் முன்பே புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கிறோம். மாலையும் மெழுகுதிரியும் வாங்கி வைக்கிறோம். புனித சூசையப்பரை நன்மரணத்தின் பாதுகாவலராகப் போற்றுகிறோம். ஆயத்தமில்லாத வேளையில் திடீர்ச் சாவு நேராதபடி மன்றாடுகிறோம். கோவிலில் இவ்வளவு துணிவாகச் சாவைப் பற்றிப் பேசும் நாம், வீட்டுக் கூடத்தில் அச்சொல்லை உச்சரிக்க அஞ்சுகிறோம். 'அப்பா, உயில் ஏதும் எழுதியிருக்கிறீர்களா?' என்று கேட்கும் மகன் பேராசைக்காரன் ஆகிறான். தந்தையே பேச்செடுத்தாலும், 'அபசகுனமாகப் பேசாதீர்கள்' என்று தாய் தடுத்துவிடுகிறாள். அபசகுனம் நம் கிறிஸ்தவ இல்லங்களில் எந்த வாசல் வழியாகக் குடிபுகுந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

உயில் எழுதாமைக்கு நாம் கூறும் காரணங்களுள் மிகவும் பக்தி நிறைந்ததாகத் தோன்றுவது, 'எல்லாவற்றையும் கடவுள் பார்த்துக்கொள்வார்' என்பது. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை இங்கே நினைவுகூர வேண்டும். கூட்டத்திலிருந்த ஒருவன், சொத்தைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளுமாறு தன் சகோதரனுக்குச் சொல்ல வேண்டும் என்று இயேசுவிடம் கேட்கிறான். ஆண்டவர் மறுத்துவிடுகிறார். பாகம் பிரிக்கும் பொறுப்பைத் தமக்குக் கொடுத்தது யார் என்று வினவுகிறார். அதை அடுத்தே, பெரிய களஞ்சியம் கட்டத் திட்டமிட்டு அன்றிரவே உயிர் துறக்கும் செல்வனின் உவமை வருகிறது. பேராசைக்கு எதிரான போதனையாகவே இவற்றைக் கேட்டு வந்திருக்கிறோம், அது சரியே. ஆயினும், சேர்த்து வைத்தவை இனி யாருடையவை என்ற கேள்வியும் அவ்வுவமையில் இருக்கிறது. செல்வன் அதற்கு விடை கூறாமலே போகிறான். அவனுக்கு இரண்டு மைந்தர் இருந்திருந்தால், அவர்களுள் ஒருவனும் நாளை ஒரு போதகரைத் தேடி வந்து இதே வழக்கை வைத்திருப்பான் அல்லவா? பாகம் பிரிக்கும் வேலையை ஆண்டவர் ஏற்கவில்லை என்றால், அது சேர்த்தவர் தலைமேல்தான் நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அவர் செய்யாவிட்டால் சட்டம் செய்யும். கிறிஸ்தவர் ஒருவர் உயிலின்றி இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு மக்களுக்கு. மகன், மகள் என்ற வேற்றுமை இல்லை. மணமாகிச் சென்றவள் என்ற விலக்கும் இல்லை. இந்தச் சமத்துவம் எல்லாருக்கும் எளிதில் வாய்த்துவிடவில்லை. பழைய திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களில், மகனது பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியதாயிருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான், 1951 முதலே அங்கும் இந்தியச் சட்டம் செல்லும் என்று நிலைநாட்டியது.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்களும் உண்டு. பிள்ளைகளை விட்டு ஒருவர் இறந்தால், அவரையே நம்பி அவர் வீட்டில் வாழ்ந்த வயது முதிர்ந்த தாய்க்கு அவர் சொத்தில் பங்கு கிடையாது. கல்வாரியில் உயிர் பிரியும் வேளையிலும் ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரிடம் பெயர் குறித்தாற்போல் ஒப்படைத்தார். எப்படியும் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் விட்டுவிடவில்லை.

மகளைப் பொறுத்தவரை நம் மௌனம் இன்னும் கொடியது. தந்தை ஒன்றும் எழுதாமல் போகிறார். நாற்பதாம் நாள் கழிந்ததும் அண்ணன், தங்கை முன் விடுதலைப் பத்திரத்தை வைக்கிறான். 'உனக்கு அப்போதே நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று. ஒரு கையெழுத்துதானே, அம்மா' என்கிறான். கையெழுத்திட்டால் பங்கு போகும். மறுத்தால் தாய்வீடு போகும். பின்னர் எந்தத் திருவிழாவுக்கு எந்த முகத்தோடு அவள் அங்கே வருவாள்? சீர் செய்ததே போதும் என்று அத்தந்தை உண்மையில் எண்ணியிருந்தால், அதைத் தம் கைப்பட எழுதித் தம் மகளின் கண்ணை நேரே பார்த்திருக்க வேண்டும். எழுத உட்கார்ந்திருந்தால், அவ்வாறு எழுத அவருக்கே மனம் வந்திராது என்று தோன்றுகிறது. யோபு தம் புதல்வியருக்கும் அவர்களுடைய சகோதரரோடு உரிமைச் சொத்து அளித்தார் என்பதை அந்நூலின் கடைசி அதிகாரம் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது.

இதற்காக இன்றே எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. சீராக் ஞானநூலின் 33ஆம் அதிகாரம், உயிரோடிருக்கையில் உடைமையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் பின் அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்காதே என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டுத் திண்ணைக்கு வந்த பெற்றோர் நம் பங்குகளில் எத்தனை பேர்! பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்ததைப் பராமரிப்புத் தவறினால் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருப்பது, இந்த ஞானியின் கவலை இன்னும் பழையதாகவில்லை என்பதற்குச் சான்று. அவர் இறுதி வேளையில் பங்கிடச் சொல்கிறார். ஆனால் நம் காலத்து இறுதி வேளை தீவிர சிகிச்சைப் பிரிவில், மூக்கில் குழாயோடு கழிகிறது. தாம் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் எழுதும் உயில் செல்லாது. அறிந்து எழுதினாலும் ஐயம் சூழும். நலமாயிருக்கும்போது எழுதப்பட்டு, இறந்த பின்னரே நடைமுறைக்கு வருவது உயில். சொத்து இறுதிவரை எழுதியவர் கையிலேயே இருக்கும்.

அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவு செய்வது நல்லதே, ஆனால் கட்டாயமன்று. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இன்றியமையாதது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கிறிஸ்தவர் உயிலில், சாட்சியாகக் கையெழுத்திடுபவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ எழுதப்பட்ட பங்கு செல்லாது. மருமகனைச் சாட்சியாக நிறுத்தினால் மகளின் பங்கு போயிற்று! அவ்வாறே, உயில் எழுதியவர் பின்னர் மறுமணம் புரிந்தால் பழைய உயில் தானாகவே இரத்தாகும். முதல் மனைவியின் பிள்ளைகளை எண்ணி எழுதியிருந்தவர் மீண்டும் எழுத வேண்டும்.

கோவிலுக்கு எழுதி வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். மரணத்துக்கு ஓராண்டுக்குள் கிறிஸ்தவர் அறப்பணிகளுக்கு எழுதியதை, நெருங்கிய உறவினர் இருக்கையில் செல்லாததாக்கிய பிரிவை, கேரள அருள்தந்தை ஒருவர் தொடுத்த வழக்கில் 2003ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. நமக்கு மட்டும் விதிக்கப்பட்ட தடை நீங்கியதில் மகிழ்ச்சியே. எனினும் மனைவியை வாடகை வீட்டில் நிறுத்திவிட்டுக் கோபுரம் கட்ட எழுதுபவரைப் பங்குத்தந்தையே தடுப்பார் என்று நம்புகிறேன்.

உயிலைப் பெட்டியில் பூட்டி வைப்பதா, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாசித்துக் காட்டுவதே எனக்கு ஏற்புடையது. யார் முகமாவது வாடினால் எழுதியவர் உயிரோடிருந்து அதைக் காண்பார். காரணம் சொல்லலாம், அவர்கள் கூறுவதையும் கேட்கலாம். நியாயம் அவர்கள் பக்கம் எனத் தெரிந்தால், அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதச் சட்டத்தில் எவ்விதத் தடையும் இல்லை.