கையைக் காலைப் பிடிக்காமல்

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல்வலி வந்தால், வீட்டில் யாருக்கும் பல் ஞாபகம் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள என் அக்கா மகன் கன்னத்தில் அறைந்துகொண்டான், ராத்திரி முழுக்க விழித்திருந்தான், தயிர்சாதம் தவிர எதையும் தொடவில்லை. ஆடி மாதம் என்பதால் கோயில் குழாய் ரேடியோ சத்தம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை திருநீறு பூசிவிட்டார். முகம் வீங்கிய பிறகே தெரிந்தது, கடைவாய்ப் பல் சொத்தை. ஆறு வயதை ஒட்டி பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் பல் அது. போனால் மறுபடி முளைக்காது.

சொத்தை எந்தப் பிள்ளைக்கும் வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வழிகள் கூடுதல். சிலர் சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைப்பார்கள். வலிப்பும் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை உண்டு. அதைக் குடித்த கையோடு தூங்கிப்போவார்கள். தெரபியில் சொன்னதைச் செய்தால் கையில் சாக்லேட். பேஸ்ட்டின் புதினா நமக்குக் குளிர்ச்சி, அவர்களில் பலருக்கு நெருப்பு.

அதனால்தான் பிடித்து அமுக்கித் தேய்க்கிறோம். மருத்துவமனையிலும் முதலில் வருகிற வார்த்தை, "கையக் காலப் பிடிச்சுக்கங்கம்மா." சீழ் கட்டிக் காய்ச்சல் ஏறினால் காத்திருக்க முடியாது, மயக்க மருந்து கொடுத்துச் செய்யவேண்டியும் வரலாம். ஆனால் அன்றாடம் பல் தேய்ப்பதற்கு அந்தப் பலவந்தம் கூடாது என்றே நினைக்கிறேன். இன்றைக்கு ஒரு பல் சுத்தமாகும். அந்த வாய் அப்புறம் யாரையும் நம்பாது.

அக்கா இப்போது தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொள்கிறாள். முதலில் வெறும் ஈரப் பிரஷ், உதட்டில் மட்டும். அது பழகிய பிறகு பல். கடைசியாகத்தான் வாசனையில்லாத ஃபுளோரைடு பேஸ்ட், அரிசி அளவில் ஆரம்பித்துப் பட்டாணி அளவுக்கு வந்திருக்கிறது. சத்தமாக எண்ணுகிறாள், பத்து வந்தால் பிரஷ் வெளியே வந்துவிடும். பின்பல் மிச்சமிருந்தாலும் பதினொன்று கிடையாது. அந்தப் பத்தை நம்பித்தான் அவன் வாயைத் திறக்கிறான்.

பல் மருத்துவரிடமும் இப்படித்தான் போகவேண்டும். ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவது, இன்னொரு நாள் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பது. சொத்தையைக் குடையாமலே தடவி நிறுத்தும் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு மருந்தை 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. தடவிய சொத்தை கருத்துப்போகும், வலிக்காது. எல்லாச் சொத்தைக்கும் அது ஆகாது என்றாலும் கேட்டுப் பார்க்கலாம். கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி மாதிரி மதுரையிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆட்டிசம் உள்ளவர்களும் சேரலாம்.

ஆனால் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிற அம்மாவுக்கு, பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த நாள் வீண் நாள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இழந்த நாள்கூலியை யார் தருவார்கள்? "ஒண்ணுமே பண்ணலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். உட்கார்ந்ததுதான் அன்றைய வைத்தியம் என்று மருத்துவரே வாய்விட்டுச் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அக்கா பல நாளாக இடப்பக்கமாக மட்டும் மெல்லுகிறாள். கேட்டால், "இவனுக்கு முடியட்டும்டி" என்கிறாள். இவனுக்கு எப்போது முடியும்? பிள்ளைக்கு ஓ.பி. சீட்டு போடும்போதே அம்மாவுக்கும் ஒன்று போட்டு, அன்றைக்கே அவள் வாயையும் பார்த்துவிட்டால் என்ன? அவள் முதலில் ஏறிப் படுத்து வாயைத் திறப்பதை அவனும் பார்ப்பான். அடுத்த முறை இரண்டு பேர் பெயரையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அரைமனதாகச் சரி என்றிருக்கிறாள். அன்றைக்கு நானும் கூடப் போகிறேன்.