ஏழாவது குப்பி

ஒரு பொருளின் அருமையை உணர முடியாத ஒருவருக்கு அதில் பங்கு கொடுப்பது வீணா? பார்வையில்லாதவருக்கு ஓவியம், காது கேளாதவருக்குக் கச்சேரி டிக்கெட் என்று இந்தக் கேள்வியைப் பல மாதிரி கேட்கலாம். பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. கேட்டாலே மனசு கெட்டவன் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். ஆனால் பொருள் குறைவாக இருக்கும்போது, இன்னொன்று கிடைக்காது என்ற நிலையில், இந்தக் கேள்வி யாரும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அது ஒரு வைன் போத்தலில் வந்தது.

2021 பிப்ரவரி, பாரிஸ். மாலை 6 மணிக்குப் பிறகு வெளியே போகக்கூடாது என்ற ஊரடங்கு. உணவகங்கள் எல்லாம் முந்தைய அக்டோபர் கடைசியிலேயே மூடிவிட்டன. நாங்கள் ஏழு பேர், வெவ்வேறு புறநகர்களில். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவது பல வருடப் பழக்கம். அது நின்றுபோய், சனிக்கிழமை இரவுகளில் ஸூமில் அவரவர் தட்டோடு உட்கார ஆரம்பித்திருந்தோம். எங்களில் மூத்தவரான அண்ணை இருபது வருடத்துக்கு மேல் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்தவர். முதலாளி கடையை விற்றுவிட்டுப் போகும்போது நிலவறையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரே ஒரு போத்தல் அவரிடம் இருந்தது. போர்தோ பிரதேசம், போயாக் ஊர், 1996 அறுவடை. அண்ணை பிரான்சுக்கு வந்து இறங்கியதும் 1996-இல்தான். விற்றிருந்தால் சில நூறு யூரோ கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து குடிக்கத்தான் வைச்சிருந்தனான். எப்ப சேருவம் எண்டு தெரியேல்லை. இனி இப்பிடியே குடிப்பம்" என்றார்.

ஒரு போத்தல், ஏழு வீடு. கணக்கு சுலபம்: 750 மில்லியில் அடியில் படிந்த மண்டியைக் கழித்தால் சுமார் 700. ஆளுக்கு 100 மில்லி. சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை, காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, பகலிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. எங்களில் ஒரு தம்பிக்கு டெலிவரி வேலை. சுற்றுவது அவனுக்குப் புதிதல்ல.

சிக்கல் ஏழாவது குப்பியில் வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அக்காவுக்கு நவம்பரில் கொரோனா வந்து போயிருந்தது. காய்ச்சல் விட்டது, மணம் திரும்பவில்லை. கோப்பியும் வெந்நீரும் தனக்கு ஒன்றுதான் என்று அவரே சொல்லியிருந்தார். அவர் இல்லாத ஒரு தொலைபேசி உரையாடலில் நண்பர் ஒருவர் சொன்னார்: "அக்காவுக்கு இப்ப மணமும் இல்லை, ருசியும் இல்லை. அவவுக்குக் குடுக்கிறதும் சிங்கில ஊத்திறதும் ஒண்டுதானே? மற்ற ஆறு பேருக்கும் பிரிச்சா ஆளுக்குப் பதினாறு மில்லி கூட வரும். அவவுக்கு வேற ஏதும் நல்ல சாமானா வாங்கிக் குடுப்பம்."

இவர் கெட்டவர் இல்லை. அக்கா நோயில் கிடந்தபோது வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனவர்களில் இவரும் ஒருவர். இவருடைய வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு பலமான பகுதிகள் இருக்கின்றன.

முதலாவது, இன்பத்தின் கணக்கு. ஆறு பேருக்குக் கொஞ்சம் கூடும், ஒருவருக்கு எதுவும் குறையாது. கூட்டிப் பார்த்தால் லாபம்.

இரண்டாவது இன்னும் ஆழமானது: அந்தப் பொருளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு. பழைய வைன் என்பது வெறும் விலையுயர்ந்த பானம் அல்ல. போயாக் இருப்பது ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில். கூழாங்கல் நிலம், கபர்னே சோவின்யோன் திராட்சை. 1996 அந்தத் திராட்சைக்கு நல்ல வருடம். இளமையில் அந்த வைன் நாக்கைப் பிடித்து இழுக்கும். துவர்ப்புக்குக் காரணமான டானின் அவ்வளவு இருக்கும். வருடங்கள் போகப் போக அந்த டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து, பெருத்து, கனம் தாங்காமல் அடியில் மண்டியாகப் படியும். ஊதா நிறம் செங்கல் நிறமாகும். பழ மணம் பின்வாங்கி, தேவதாரு மரம், புகையிலை, தோல், ஈர மண் என்று வேறு மணங்கள் மேலே வரும். யாரோ அறுவடை செய்து, யாரோ காத்து வைத்து, கால் நூற்றாண்டு இருட்டில் நடந்த வேலை இது. திறந்த பிறகு சில மணி நேரத்தில் போய்விடும். இதை மணம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

எனக்கு இந்த இரண்டாவது வாதம்தான் தொண்டையில் நின்றது. இசை தெரிந்தவன் முன்னால்தான் பாட வேண்டும், கவிதை புரிந்தவனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நாமே அடிக்கடி சொல்கிறோம். தகுதி என்ற சொல் கலையைப் பற்றிய பேச்சில் எவ்வளவு இயல்பாக வந்து விழுகிறது பாருங்கள்.

போர்தோ தரவரிசைக்குப் பேர் போன ஊர். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக அந்த ஊர்த் தரகர்கள் மெடோக் வைன்களை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். அவர்கள் பிரதானமாகப் பார்த்தது சந்தை விலையை. அந்த அடுக்கு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 1973-இல் முத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏறியது மட்டுமே பெரிய மாற்றம். பொருளை இப்படி அடுக்கிய பழக்கம் மெல்ல ஆட்களுக்கும் வரும். எந்த வைன் உயர்ந்தது என்று தொடங்கும் பேச்சு, யாருக்கு அதைக் குடிக்கத் தெரியும் என்று முடியும். குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கிய ஒருவர் கையில் இந்தப் போத்தல் இருப்பதே அந்த அடுக்கின்படி பிழைதான். அந்த அளவுகோலை அக்கா மேல் வைத்தால், அதே அளவுகோல் நாளை எங்கள் ஆறு பேர் மேலும் வரும். எங்களில் எத்தனை பேருக்கு உண்மையில் ருசி தெரியும்?

டேவிட் ஹியூம் 1757-இல் ரசனையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையில் டான் குவிக்சாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் வைனைச் சுவைக்கிறார்கள். நல்ல வைன், ஆனால் லேசாகத் தோல் ருசி அடிக்கிறது என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு ருசி என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாயைக் காலி செய்தால் அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி. நுட்பமான நாக்கு என்பது கற்பனை அல்ல என்று காட்டத்தான் ஹியூம் இதைச் சொல்கிறார். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. அந்த இருவரும் சண்டை பிடிக்க முடிந்ததற்கும், கடைசியில் இருவரும் சரி என்று ஆனதற்கும் காரணம், பீப்பாய் ஒன்று என்பதே. ஆளுக்கொரு பீப்பாய் இருந்திருந்தால் அது சண்டையே இல்லை, இரண்டு தனித்தனிச் செய்திகள்.

திரைவழி விருந்தின் பிரச்சினையும் இதுதான். அவரவர் வீட்டில் அவரவர் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். பழைய வைனில், ஒரே வருடம் ஒரே பெயர் என்றாலும், இரண்டு போத்தல்கள் ஒன்றாக இருக்காது. தக்கை மரப்பட்டையில் செய்வது. ஒவ்வொரு தக்கையும் காற்றை வேறு வேறு அளவில் உள்ளே விடும். கால் நூற்றாண்டில் அந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகிவிடும். காண்ட் 1790-இல், கானரி வைன் இனிமையானது என்று சொல்பவரை 'எனக்கு இனிமையானது' என்று திருத்தினால் அவர் மறுக்கமாட்டார் என்று எழுதினார். தனித்தனிப் போத்தலோடு திரை முன்னால் உட்கார்ந்தால் நாம் எல்லோரும் காண்ட் சொன்ன அந்த ஆள்தான்: எனக்கு இப்படி, உனக்கு அப்படி, சரி, அடுத்த கதை. அரிஸ்டாட்டில், மனிதர்கள் சேர்ந்து வாழ்வது என்றால் பேச்சையும் சிந்தனையையும் பகிர்வது, மாடுகள்போல ஒரே இடத்தில் மேய்வதல்ல என்றார். நாங்கள் ஒரே இடத்தில்கூட மேயவில்லை.

அதனால்தான் அண்ணை ஒரு போத்தலை உடைத்து ஏழாக்கினார். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் காற்றுப் பட்டு வைன் கொஞ்சம் கெடும். தனியாகக் குடித்திருந்தால் அவருக்கு இதைவிட நல்ல வைன் கிடைத்திருக்கும். இருந்தும் கெடுத்தார், பீப்பாய் ஒன்றாக இருக்கட்டும் என்று.

இங்கே புறநானூற்றின் 235-ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. அதியமான் இறந்தபின் ஔவையார் அவனை நினைப்பது கள்ளை வைத்துத்தான். கொஞ்சம் கிடைத்தால் அவன் குடிக்காமல் கொடுத்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் இவர் பாட அவனும் சேர்ந்து குடிப்பான். இரண்டு வேறு வேறு அறங்கள் இதில் இருக்கின்றன. குறைவாக இருக்கும்போது கொடுத்தல். நிறைய இருக்கும்போது சேர்ந்திருத்தல். எங்கள் நண்பரின் வாதம் மூன்றாவது ஒன்றைக் கொண்டுவருகிறது: குறைவாக இருக்கும்போது தகுதி பார்த்துப் பிரித்தல். அதியமான் ஔவையின் நாக்கைச் சோதித்துவிட்டுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அண்ணையிடம் இந்த யோசனை போனபோது அவர் நீளமாக எதுவும் பேசவில்லை. "ஏழு பேர், ஏழு குப்பி" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை இரவு எல்லோரும் குப்பியைக் கிளாஸில் ஊற்றினோம். ஈர மண் என்றார் ஒருவர், சுருட்டுப் பெட்டி என்றார் இன்னொருவர். மணத்தைப் பற்றியே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னார்: "எனக்கு மணம் ஒண்டும் இல்லை. ஆனா துவர்ப்பு இருக்கு. பிஞ்சு வாழைக்காய்த் துவர்ப்பு இல்லை இது. கனநேரம் சப்பின பாக்கு மாதிரி, தேய்ஞ்சு போய் இருக்கு." நாங்கள் மறுபடி குடித்துப் பார்த்தோம். உண்மை. மூக்கு மும்முரமாக இருந்ததில் நாக்கு சொன்னதை நாங்கள் கேட்கவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஆனால் டானினின் பிடிப்பு மணமல்ல. எச்சிலில் உள்ள புரதத்தோடு அது சேர்வதால் வாய்க்குள் ஏற்படும் ஒரு தொடு உணர்வு. மேற்கத்திய அறிவியலின் அடிப்படைச் சுவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. நம்முடைய அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் உண்டு. அந்தச் சொல் கையில் இருந்ததால் அக்காவால் அதைச் சட்டென்று சொல்ல முடிந்தது. பழைய போர்தோவில் வயது வேலை செய்யும் முக்கியமான இடமும் அந்தத் துவர்ப்புதான்.

அழகான முடிவு. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'பார்த்தீங்களா, அவருக்குக் கொடுத்தது வீண் போகவில்லை' என்று சொன்னால், நாம் நண்பரின் வாதத்தைத் தோற்கடிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறோம். பயன் இருந்தது, ஆகவே பங்கு சரி என்றாகும். அக்கா அன்றிரவு ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால்? ஒரு மிடறு குடித்துவிட்டு, தண்ணி மாதிரித்தான் இருக்கு என்று கிளாஸைத் தள்ளி வைத்திருந்தால்? அப்போதும் அந்தக் குப்பி அவருடையதுதான் என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அது பங்கு இல்லை, பரிசு. பரிசு தகுதிக்குக் கிடைப்பது. பங்கு, கணக்கில் ஒருவராக இருப்பதற்குக் கிடைப்பது.

அப்படியானால் பொருளுக்குச் செய்யும் மரியாதை? அதற்கு என்னிடம் உள்ள பதில் இது. அந்த வைனை இருபத்தைந்து வருடம் இருட்டில் காத்தது யாரோ ஒருநாள் மேசையில் கூடுவார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான். மேசையைச் சுருக்கி வைனைப் பெருக்குவது, வைனை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு எதிராகவே பயன்படுத்துவது.

ஆனாலும் நண்பர் சொன்னதில் ஒரு விஷயம் சரியாக இருக்கலாம்: அக்காவே அதை விரும்பாமல் இருந்திருக்கலாம். மணம் போனவருக்கு எல்லோரும் மணத்தைக் கொண்டாடும் இரவு வலிக்கவும் செய்யும். கல்யாணப் பந்தியில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. எல்லோருக்கும் இலை போடுவார்கள். பாயசம் கொண்டு வருபவர், இவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தாலும் தானாகத் தாண்டிப் போகமாட்டார். இலை முன் நிற்பார். உட்கார்ந்திருப்பவர் கையைக் குறுக்கே நீட்டி மறுப்பார், அல்லது ஒரு கரண்டி போதும் என்பார். முடிவு அவருடையது. பரிமாறுபவர் அந்த முடிவைத் தானே எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனால், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தத் தொலைபேசிப் பேச்சில் எனக்கு உறுத்தியது பதினாறு மில்லிக் கணக்கு அல்ல. அந்த முடிவு அக்கா இல்லாத இடத்தில் எடுக்கப்படவிருந்தது என்பதுதான். அவர் சார்பில் மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் அவரிடம் எதுவுமே மிஞ்சாது. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒருவர் கையில் முதலில் ஒரு பங்கு இருக்க வேண்டும்.