நரைத்த பின் ஒரு பந்தயம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்ப்போர்க்கு நகரமும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் ஒருசேரக் காட்சி தரும். பூட்டுப் பட்டறைகள், தோல் பதனிடும் தொழிற்கூடங்கள், நூற்பாலைகள், வெங்காயப் பேட்டை, பூச்சந்தை என்று உழைப்பால் உயர்ந்த ஊர் இது. சிறு பட்டறையில் தொடங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தவர்கள் இங்கே பலர். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பதும், இரவில் கடைசி ஆளாகப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வதுமாகவே அவர்களுடைய முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அத்தகைய முதலாளி ஒருவர் தம் ஐம்பதாம் வயதில், "நான் கார்ப் பந்தயம் ஓட்டப் பழகப்போகிறேன்" என்று அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். "பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது என்ன விளையாட்டு?" என்று வீட்டார் கேட்பர். கணக்கெழுதும் பெரியவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால், "ஐயாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இத்தனை குடும்பங்களின் கதி என்ன?" என்று மனத்துக்குள் கலங்குவார். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். முன்னது ஊரார் பேச்சைப் பற்றியது. பின்னது அறத்தைப் பற்றியது. இவற்றைத் தனித்தனியே ஆராய்வது நலம்.

வயதைப் பற்றிய கேள்விக்கு அமெரிக்கத் திரைப்பட நடிகர் பால் நியூமனின் வாழ்க்கை விடை தருகிறது. 1925இல் பிறந்த அவர், 1969இல் வெளிவந்த ஒரு படத்தில் பந்தய ஓட்டுநராக நடிப்பதற்காகக் கார் ஓட்டப் பயின்றார். படம் முடிந்தது, ஆர்வம் முடியவில்லை. 1972இல், 47ஆம் வயதில், போட்டிகளில் இறங்கினார். 1979இல் பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் இடம்பெற்ற மூவர் அணி இரண்டாம் இடம் பெற்றது. 1995இல், எழுபது வயது நிறைந்த சில நாள்களிலேயே, அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் வென்ற அணியில் ஒருவராக இருந்தார்.

இந்த வெற்றிகளைவிட நம் கருத்தைக் கவர்வது அவற்றின் தொடக்கமே. உலகப் புகழ் பெற்ற ஒருவர், தம் மகன் வயதுடைய இளைஞர்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நின்று, "எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்" என்று கேட்க முன்வந்தார். பந்தயத் தடத்தில் பதவியும் பணமும் செல்லா. வளைவில் எங்கே தடை மிதிக்க வேண்டும் என்பதைக் கடிகாரம் ஒன்றே தீர்ப்பளிக்கும். பல ஆண்டுகளாக ஆணையிட்டே பழகிய முதலாளிக்கு, பிறர் திருத்தக் கேட்டுக்கொள்ளும் மாணவனாக அமர்வது எளிதான தவமன்று. அந்தப் பணிவு பட்டறைக்கும் திரும்பி வருமாயின், தொழிலாளி சொல்லும் குறையையும் அவர் காதுகொடுத்துக் கேட்பார் அன்றோ?

விளையாட்டையே வீண் என்று ஒதுக்கவும் நம்மால் இயலாது. உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல் உள்ளத்திற்கும் ஓய்வு வேண்டும். அதனை விளையாட்டு தருகிறது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். விளையாட்டில் அளவு மீறுவதைப் போலவே, விளையாட்டே அறியாத கடுமையையும் அவர் ஒரு குறையாகவே கருதினார். நம் சமவெளியில் ரேக்ளா மாடுகளைப் பிள்ளைகளைப்போல் வளர்க்கும் நரைத்த தலைகளை நாம் பழிப்பதில்லையே! ஆகவே, வீட்டார் கேட்ட கேள்வி தானே அடங்கிவிடுகிறது.

ஆனால், கணக்கெழுதும் பெரியவரின் கேள்வி அவ்வாறு அடங்குவதில்லை. கோழைத்தனத்திற்கும் கண்மூடித்தனத்திற்கும் நடுவே நிற்பதே வீரம் என்றார் அரிஸ்டாட்டில். அவ்வாறாயின், துணிவதற்கு முன் எதற்காக, எவருடைய இழப்பில் துணிகிறோம் என்று கேட்க வேண்டும். 1955ஆம் ஆண்டு அதே லெ மான் பந்தயத்தில், முன்னே சென்ற காரொன்று திடீரெனக் குறுக்கே விலகியதால் அதன்மேல் மோதிய பியேர் லெவெ என்னும் 49 வயது ஓட்டுநரின் கார் பறந்து பார்வையாளர் பகுதியைத் தாக்கியது. அவரோடு எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டனர். பிழை அவருடையதன்று, ஆயினும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உயிரைப் பணயம் வைக்க வந்தவர்களல்லர். சுவிட்சர்லாந்து நாடு தன் மண்ணில் தடப் பந்தயங்களையே அவ்வாண்டு தடைசெய்தது. பல பத்தாண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

இதிலிருந்து முதல் விதி ஒன்று பிறக்கிறது: தன் உயிர்க்கு நேரும் இடரை ஒருவன் ஏற்கலாம், ஒப்புதல் தராதவன்மேல் அதனைச் சுமத்தலாகாது. நம் நகரை ஒட்டிச் செல்லும் நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிகளை விரட்டி ஓட்டும் இளைஞர்களுக்கும், உரிமம் பெற்று, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, தீப்பிடிக்காத உடையும் தலைக்கவசமும் அணிந்து தடத்தில் இறங்கும் பந்தய ஓட்டுநருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னவர் பால்காரரின் உயிரையும் சேர்த்தே பந்தயம் கட்டுகின்றனர். 1990 முதல் பந்தயங்கள் நடைபெறும் இருங்காட்டுக்கோட்டைத் தடம் போன்றவை ஏன் தேவை என்பதும் இதனால் விளங்கும்.

அடுத்தது பணம். வேகம் விலையுயர்ந்த பொழுதுபோக்கு. தொழிலாளியின் வைப்பு நிதியைக் கட்டாமல் சக்கரம் வாங்குபவர் விளையாடவில்லை, திருடுகிறார். ஆனால், தம் செல்வத்தால் பிறர்க்கும் வழிதிறப்பவர்கள் உண்டு. கோயம்புத்தூர்த் தொழிலதிபர் கரிவரதன் இளமையிலேயே பந்தயத்தை நேசித்தவர். மாருதி எஞ்சினைக் கொண்டு அவர் வடிவமைத்த ஓர் இருக்கைப் பந்தயக் கார், நடுத்தர வசதியுள்ள இளைஞர்களும் இத்துறையில் நுழைய வழிசெய்தது. 1995இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அதே கோவையிலிருந்து புறப்பட்டவர். பால் நியூமனும் 1982இல் உணவுப்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதன் இலாபம் முழுவதையும் அறப்பணிகளுக்கே அளித்தார். தனக்கென ஒரு விளையாட்டும் பிறர்க்கென ஒரு தொழிலும் ஒரே வாழ்வில் அடங்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

எஞ்சியிருப்பது கடினமான கேள்வி: விடத் தெரியுமா? நடிகர் அஜித்குமார் நீண்ட இடைவெளிக்குப்பின், தமக்கென ஓர் அணி அமைத்து, 2025 சனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்குச் சென்றபோது அவருக்கு வயது 53. பயிற்சியின்போது அவருடைய கார் மோதி நொறுங்கியது. அவர் காயமின்றித் தப்பினார். அதன்பின், அணியின் நலன் கருதி, அந்தக் காரை ஓட்டுவதினின்று விலகித் தம் அணியின் மற்ற ஓட்டுநர்களிடம் அதனை ஒப்படைத்தார். தாம் வேறொரு காரில் மட்டும் ஓட்டினார். விட்டுக்கொடுத்த அந்தக் கார் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. கோப்பையைவிட அந்த விலகலே நமக்குப் பாடம் என்று தோன்றுகிறது.

ஏனெனில், அணியின் உரிமையாளர் எவரும் தம்மை முதல் ஓட்டுநராக நியமித்துக்கொள்ளலாம், தடுப்பார் யார்? தடுக்க ஆளில்லாத இடத்தில் தன்னைத் தானே தடுத்துக்கொள்வதில்தான் முதிர்ச்சி இருக்கிறது. வயது ஏற ஏறக் கையின் விரைவு குறையும். அனுபவம் ஓரளவு ஈடுசெய்யும். ஒரு நாள் அதுவும் போதாமற்போகும். அந்த நாளைத் தாமே உணர்பவர் பேறு பெற்றவர்.

மீண்டும் நம் பட்டறைக்கு வருவோம். பந்தயத்திற்குப் புறப்படும் முதலாளியை நாம் தடுக்க வேண்டியதில்லை; ஒன்று மட்டும் கேட்போம்: "ஐயா, சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்?" பொறுப்பேற்கத் தக்கவரைப் பழக்கி, கூலியும் காப்பீடும் குறைவின்றி அமைத்து, மனைவி மக்களின் மனத்தையும் கேட்டறிந்து புறப்படுபவர் நிம்மதியாகப் போய்வரட்டும். மடியில் சாவியைச் செருகிக்கொண்டே போவாரானால், அவர் பந்தயத்தில் தனியே ஓடவில்லை. பட்டறை முழுவதையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டே ஓடுகிறார். பந்தயத்திற்கே போகாத நம்மில் எத்தனை பேர் அந்தச் சாவியை இன்னும் மடியில் வைத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.