முற்றத்துப் புல்லும் மண்ணடி நீரும்

வீட்டின் முன்னே ஒரு சிறு புல்தரை இருப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி, மனத்துக்கு அமைதி. மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடவும், பெரியவர்கள் அமர்ந்து உரையாடவும் ஏற்ற இடம். இதனை ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் முறையன்று. ஆயினும், அப்பசுமை எந்த நீரால் பெறப்படுகிறது, அந்நீர் யாருக்குரியது என்னும் வினாவை எழுப்பாது விடுதலும் முறையாகாது.

விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊர். களிமண்ணைக் கையாளும் தொழிலாளி முதலில் அறிய வேண்டுவது அதன் இயல்பை. செங்களிமண் தாங்கும் சூடு வேறு. வெண்களிமண் கேட்கும் சூடு வேறு. உலர்த்துவதில் அவசரப்பட்டால் வனைந்த பொருள் வெடித்துவிடும். தொழிற்கூடத்தில் நன்கறிந்த இவ்வுண்மையை வீட்டு முற்றத்தில் மறந்துவிடுகிறோம்.

இவ்வூரின் சுற்றுப்புறத்தில் முந்திரியும் நிலக்கடலையும் விளையும் செம்மண் நிலங்கள் மிகுதி. அம்மண் நீரை விரைவாக உறிஞ்சி விரைவாகவே இழப்பது. மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்து ஓய்ந்துவிடும். பிறகு கோடையில் மண் காய்கிறது, கிணறுகள் இறங்குகின்றன. ஆண்டு முழுதும் மழை பெறும் இங்கிலாந்தில் வளர்ந்த புல்தரை வழக்கத்தை இங்கே அப்படியே பின்பற்றினால், வானம் தராததை நாம் மோட்டாரால் ஈடுசெய்ய நேரும்.

அது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் பரப்பில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்ச 1,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் ஏறத்தாழ 68 குடங்கள். கோடையில் இரண்டு குடம் நீருக்காகத் தெருக்குழாயடியில் காத்து நிற்கும் தாய்மார்களை எண்ணிப் பார்த்தால் இக்கணக்கின் பாரம் விளங்கும்.

“நிலம் என்னுடையது, ஆழ்துளைக் கிணறும் என்னுடையது, இதில் பிறருக்கு என்ன?” என்று ஒருவர் கேட்கலாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும், தன் நிலத்தடியில் ஊறும் நீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்குரியவருக்கு இடம் தருகிறது. ஆனால் சட்டம் தடுக்காதவை யாவும் நீதியாகிவிடுமா? மதில் நிற்பது மண்ணின் மேல்தான். அடிநீருக்கு மதில் ஏது? ஒருவர் ஆழமாக இறைத்தால் அண்டை வீட்டுக் கிணறு இறங்குவதை நாம் அறியாதவர்களா?

பண்டை அரபகத்தில் குலத்தலைவன் ஒருவன் தன் நாயைக் குரைக்கவிட்டு, அவ்வொலி எட்டும் எல்லைவரை உள்ள புல்லையெல்லாம் தனக்கென வளைத்துக்கொள்வான் என்பர். இதற்கு ‘ஹிமா’ என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை நீக்கினார்கள். நீரையும் மேய்ச்சற்புல்லையும் நெருப்பையும் மக்கள் யாவரும் பங்குடைய பொருள்களாக நபிமொழி எண்ணுகிறது. பாத்திரத்தில் பிடித்துவைத்த நீர் பிடித்தவருக்கு உரியதாகலாம்; தேவைக்கு மிஞ்சிய நீரைப் பிறருக்குத் தடுப்பதோ விலக்கப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் பொது நன்மைக்காக ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் இருந்தது. அதன் காவலரான ஹுனைக்கு அவர்கள் இட்ட கட்டளை சிந்திக்கத்தக்கது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியவரை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வரின் மந்தைகள் பற்றி எச்சரிக்கையாய் இருக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தாலும் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. எளியவருக்கு வேறு புகலில்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம். நாயின் குரலினும் நெடுந்தொலைவு எட்டவல்லது இன்றைய மோட்டார். அதன் விசையைத் தொடும் கை இந்நீதியை நினைவிற்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிடலாமா? அதுவும் கேடே. பூசிய தரை வெப்பத்தைக் கூட்டும். மழைநீரை மண்ணுக்குள் விடாது தெருவுக்குத் துரத்தும். இடைப்பட்ட வழியை நம் மண்ணே காட்டுகிறது. அருகம்புல் இந்நாட்டுக்குப் பழகியது, வெயிலை விரும்புவது. தொழுவுரம் கலந்து கொத்திய மண்ணில், மழை தொடங்கும் வேளையில் அதன் வேர்த்துண்டுகளை நட்டால் போதும். மரநிழலில் அது செழிக்காது. அவ்விடத்தை வற்புறுத்தாமல் விட்டுவிடுவதே நன்று. ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலமேனும் விட்டு வெட்டுக. வெட்டிய துணுக்குகளை அங்கேயே கிடக்க விடுக. அன்றாடம் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு அதிகாலையில் ஆழ நனைப்பதே வேரைக் கீழே இறக்கும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் புல்லுக்கு ஆகும்.

கோடையில் அப்புல் பழுத்துக் காயக்கூடும். வந்தோர் பார்த்து என்ன நினைப்பாரோ என்று நாணி அன்றே குழாயைத் திறந்துவிட வேண்டா. அருகு மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் அதன் கிழங்கு உயிரோடு காத்திருக்கும். முதல் மழைக்கே தளிர்க்கும். அதுவரை அந்த நீர் அண்டை வீட்டுக் கிணற்றில் இருக்கட்டும்.